அரும்பிலேயே நிற்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

ஐயா என்று எழுதுவதா, அம்மா என்று எழுதுவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். இந்த மடல் உங்கள் மேசைக்கு வந்து சேரும்போது அந்த நாற்காலியில் யார் இருப்பீர்களோ! மாறுதல் உத்தரவு தபாலைவிட வேகமாக வருகிறது. அதனால் பதவிக்கே எழுதுகிறேன்.

நான் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். கணவர் கத்தாரில் எலக்ட்ரீசியன். ஒரே மகன், ஒன்பதாம் வகுப்பு. அவனுக்குக் கற்றல் குறைபாடு, அதாவது டிஸ்லெக்சியா என்று சொல்கிற வாசிப்புச் சிக்கல், இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தபோது அவன் ஏழாம் வகுப்பில் இருந்தான். வயது 12. எழுத்தும் பேரேடுமே வேலையாக இருக்கிற ஒருத்தியின் வீட்டில், எழுத்து பிடிபடாத ஒரு பிள்ளை இத்தனை வருடம் ஒளிந்து வாழ்ந்திருக்கிறான். அதனால் இந்த மடலில் பள்ளிக்கூடத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இரண்டாம் வகுப்பில் அவன் தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசிப்பான். எனக்குப் பெருமையாக இருக்கும். ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே கவனித்தேன். வாய் நான்காவது வரியில் இருக்கிறது, விரல் இரண்டாவது வரியில் நிற்கிறது. புத்தகத்தை வாங்கி வேறு பாடத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தைப் பார்த்தும் பழைய பாடத்தையே ஒப்பித்தான். "ஏமாத்துதியாலே" என்று முதுகில் ஒன்று வைத்தேன். ஒரு பாடம் முழுவதையும் காதால் கேட்டே மனதில் ஏற்றிக்கொண்ட பிள்ளைக்கு எங்கோ வேறு சிக்கல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் எல்லாரும் செய்வதை எல்லாம் நாங்களும் செய்தோம். வல்லாரைக் கீரை. ட்யூஷன். கையெழுத்துப் பயிற்சி வகுப்பு. கண் டாக்டர் ஒரு கண்ணாடி எழுதித் தந்தார், "பவர் ரொம்பக் குறைவுதான், வேண்டுமானால் போடலாம்" என்றார். போட்டோம். மூன்றாம் வகுப்பில் "பள்ளி" என்ற சொல்லை நூறு தடவை எழுதி வரச் சொன்னார்கள். முதல் பத்து சரியாக இருந்தது. பிறகு புள்ளி போயிற்று, அப்புறம் ஒரு எழுத்து போயிற்று, முப்பதைத் தாண்டியபோது பள்ளி, பல்லி ஆகிவிட்டது. மீதி எழுபதும் பல்லிதான். அதற்காக மறுபடி நூறு.

அதன்பின் கொரோனா வந்தது. நான்காம், ஐந்தாம் வகுப்புகள் செல்பேசியிலேயே போய்விட்டன. திரும்பிப் பள்ளிக்கு வந்தபோது எல்லாப் பிள்ளைகளும் தடுமாறினார்கள். அந்தக் கூட்டத்துக்குள் இவன் தடுமாற்றம் மறைந்துபோனது. "கேப் விழுந்துட்டு, சரியாகும்" என்று ஆசிரியர்கள் சொன்னதை நானும் நம்பினேன். நம்புவது வசதியாகவும் இருந்தது.

வகுப்பில் அவன் கண்டுபிடித்திருந்த வழி எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. சாக்பீஸ் எடுத்துவர, தண்ணீர் கொண்டுவர, பக்கத்து வகுப்பு டீச்சரைக் கூப்பிட, எதற்கும் முதலில் எழுந்து நிற்பான். வாசிக்கச் சொல்லும் நேரம் நெருங்குவதை அவனால் மோப்பம் பிடிக்க முடியும். ஒவ்வொரு ஆண்டு மதிப்பெண் அட்டையிலும் "உதவும் குணம் உள்ளவன்" என்று எழுதியிருந்தார்கள். மாவட்டத்தின் எல்லா வகுப்பிலும் இப்படி ஓர் உதவும் குணம் உள்ள பிள்ளை இருக்கும். தயவுசெய்து அவர்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

கடைசியில் கண்டுபிடித்தவர் ஓர் இளம் ஆசிரியை. "அம்மா, வாயால கேட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்றான், பேப்பர்ல ஒண்ணும் இல்லை. எனக்கென்னமோ வேற மாதிரி தோணுது" என்றார். பின்னர் நான் தேடிப் படித்தபோது ஆச்சரியப்பட்டேன். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார். எல்லாப் பாடமும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அந்தப் பையனின் ஆசிரியர் சொன்னாராம். கிட்டத்தட்ட 130 வருடத்துக்கு முன்னால் அங்கே ஓர் ஆசிரியருக்குப் பட்டது, இங்கே என் மகனுக்கு ஏழாம் வகுப்பில்தான் வாய்த்தது.

சோதனைகளுக்காக மூன்று முறை ஒரு மருத்துவமனைக்கு அலைந்தோம். ஒருமுறை உளவியலாளர் விடுப்பு, ஒருமுறை கோப்பு காணவில்லை. அதை விடுங்கள். முடிவு வந்த அன்று இரவு கணவரிடம் போனில் சொன்னேன். நீண்ட நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எனக்கும் இப்படித்தான். நான் யாருட்டயும் சொன்னதில்ல" என்றார். கல்யாணமான நாள் முதல் அவர் எனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். வேலை அவசரம் என்று நினைத்திருந்தேன். இந்தக் குறைபாடு குடும்ப வழியில் வரக்கூடியது என்பதை அந்த உளவியலாளர் சொல்லித்தான் அறிந்தேன். தகப்பனிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் மகனைப் பற்றி ஆறு வருடம் முன்பே சந்தேகம் வந்திருக்கும்.

2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. தமிழ்நாட்டிலேயே முதலிடம். இந்த எண்ணை நாம் எந்த மேடையிலும் சொல்லாமல் விடுவதில்லை. மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் 200 வருடத்துக்கு முன்பே பள்ளிக்கூடம் கண்ட மண், பெருமைப்படலாம்தான். ஆனால் அந்த 91.75க்குள் என் கணவரும் அடக்கம் என்பதை நினைத்தால் எனக்கு அந்த எண்ணின் மேல் கொஞ்சம் சந்தேகம் வருகிறது. எல்லாரும் படித்த ஊரில் வாசிக்க வராத பிள்ளைக்கு ஒளிந்துகொள்ள இடமும் கிடையாது, காரணம் சொல்ல வழியும் கிடையாது. சோம்பேறி, திமிர் பிடித்தவன், விளையாட்டுப் புத்தி, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் அவன் இருந்தாக வேண்டும்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஊனமுற்றோர் பட்டியலில் கற்றல் குறைபாடு இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது, அதில் இதுவும் ஒன்று. 2017 ஏப்ரல் 19 முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 16ஆம் பிரிவு, பிள்ளைகளின் கற்றல் குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்ற கற்பித்தல் முறையைத் தர வேண்டும் என்கிறது. அரசுப் பள்ளி மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளிக்கும் இது பொருந்தும். 17ஆம் பிரிவு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கச் சொல்கிறது. என் மகன் இரண்டாம் வகுப்பில் விரலை ஒரு வரியிலும் வாயை வேறு வரியிலும் வைத்திருந்த 2018இல் இந்தச் சட்டம் வந்து ஓராண்டு தாண்டியிருந்தது.

அப்படியானால் எங்கே பிசகியது? நான் பார்த்தவரை, எல்லாரும் சான்றிதழுக்காகக் காத்திருக்கிறார்கள்.

2018இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறையின்படி கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் எட்டு வயது நிறைந்த பிள்ளைக்குத்தான். முதலில் குழந்தை மருத்துவர், கண், காது. அப்புறம் அறிவுத்திறன் சோதனை. அதன்பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு. எட்டு வயது என்பதில் நியாயம் இருக்கிறது. அதற்கு முன் வாசிப்பு யாருக்குமே முழுதாக நிலைப்பட்டிருக்காது, அவசரப்பட்டு முத்திரை குத்தக் கூடாது. ஆனால் நடப்பது என்ன? ஐந்து வயதில் கேட்டால் "சின்னப் பிள்ளைதானே" என்கிறார்கள். எட்டு வயதில் கேட்டால் "ஐந்தாம் வகுப்பு வரட்டும்" என்கிறார்கள். பிறகு ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. ஏனென்றால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சலுகை உண்டு. சொல்வதை எழுத ஆள், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு. சான்றிதழ் கேட்டு ஓடுகிறோம்.

அந்தச் சலுகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுத்த வருடம் என் மகனுக்கும் கேட்கத்தான் போகிறேன். ஆனால் அது பரீட்சை எழுத உதவும், வாசிக்கக் கற்றுத்தராது. வாசிக்கக் கற்றுத்தர எந்தச் சான்றிதழும் தேவையில்லை. ஒன்றாம் வகுப்பில் தடுமாறுகிற பிள்ளைக்கு ஒலியைப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பதற்கும், மணலில் விரலால் எழுத வைப்பதற்கும் மருத்துவர் கையெழுத்து எதற்கு? அவனுக்குக் குறைபாடு இல்லாமல், வெறும் தாமதமாகவே இருந்தாலும் அந்தப் பாடத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லையே. உங்களிடம் நான் கேட்க வந்தது இதுதான்: உதவியை முதலில் தொடங்கச் சொல்லுங்கள், காகிதம் அப்புறம் வரட்டும்.

யாருக்கு உதவி தேவை என்று எப்படித் தெரியும் என்பீர்கள். பட்டியல் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. தொடக்க வகுப்புகளில் வாசிப்பும் கணக்கும் சொல்லித்தர 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். அரும்புதான் முதல் படி. நல்ல ஏற்பாடு, என் மகன் காலத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். இரண்டு பருவம் தாண்டியும், ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தும், அரும்பிலேயே நிற்கிற பிள்ளை யார்? அந்தப் பெயர்களை மட்டும் தனியே எடுங்கள். அதில் காது மந்தமான பிள்ளை இருக்கும், கண்ணாடி தேவைப்படும் பிள்ளை இருக்கும், வீட்டில் சோறு இல்லாத பிள்ளை இருக்கும், என் மகனைப் போன்ற பிள்ளையும் இருக்கும். உலக அளவில் பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. முப்பது பேர் வகுப்பில் ஒன்றிரண்டு பேராவது வருவார்கள். மூன்று மாதம் சிறு குழுவாக வைத்துத் தினம் அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் எழுந்து வந்துவிடுவார்கள் என்பது என் ஊகம். அப்போதும் நகராதவர்களை எட்டு வயதில் சோதனைக்கு அனுப்பலாம்.

ஆசிரியர்களுக்கு எதைக் கவனிப்பது என்று சொல்லித் தர வேண்டும். அதைத் தமிழை வைத்துச் சொல்லித் தர வேண்டும் என்பது என் வேண்டுகோள். டிஸ்லெக்சியா என்றாலே ஆங்கிலத்தில் பி, டி எழுத்துகளை மாற்றிப் போடுவது என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "உங்க பையன் எழுத்தைத் திருப்பிப் போடலையே, அப்புறம் எப்படி?" என்று என்னிடமே ஒருவர் கேட்டார். நம் எழுத்தில் திருப்பிப் போட அப்படி ஜோடி ஏது? தமிழில் இந்தச் சிக்கல் வேறு முகத்தோடு வருகிறது. "கொ" என்ற எழுத்தைப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, அப்புறம் க, கடைசியில் கால். வாயில் முதலில் வருவதோ க். கொம்பும் காலும் சேர்ந்துதான் ஒ. கண் போகும் வரிசையும் வாய் போகும் வரிசையும் ஒன்றில்லை. நாம் அதைக் கவனிக்காமலே தாண்டிவிட்டோம். என் மகன் ஒவ்வொரு கொம்பிலும் தடுக்கி விழுந்தான். கு, டு, து, மு, ஒவ்வொன்றிலும் உகரம் ஒவ்வொரு வடிவம். கடல், தங்கம், மகன் மூன்றிலும் ஒரே க, மூன்று ஒலி. மருந்து என்பதில் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து மரம் என்று ஊகிப்பான். புள்ளி இருப்பதே கண்ணில் படாது.

இன்னொன்று. தமிழில் எழுத்துக் கூட்டினால் பெரும்பாலும் சொல் வந்துவிடும். அதனால் சில பிள்ளைகள் தப்பில்லாமல் வாசிப்பார்கள், ஆனால் ஊர்ந்து ஊர்ந்து. வரி முடியும்போது தொடக்கம் மறந்திருக்கும். "வாசிக்கிறானே" என்று டீச்சர் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். வேகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அதேபோல், ல, ள, ழ தடுமாற்றத்தை வைத்து யாரையும் சந்தேகப்பட வேண்டாம். அதை எடுத்தால் எங்கள் சங்கத்தின் தீர்மானப் புத்தகமே சோதனைக்குப் போக வேண்டியிருக்கும்.

விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் இன்னும் ஒரு முடிச்சு உண்டு. வீட்டில் மலையாளம், அல்லது மலையாளம் கலந்த தமிழ். சிலர் மலையாளவழிப் பள்ளி. அங்கேயும் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயம். ஆங்கிலத்தோடு மூன்று எழுத்து முறை ஒரே பிள்ளையின் தலையில். மலையாளத்தில் நன்றாக வாசிக்கிற பிள்ளை தமிழில் திணறினால் அது பழக்கக் குறைவு, குறைபாடு இல்லை. எல்லா மொழியிலும் திணறினால்தான் யோசிக்க வேண்டும். எந்த மொழியில் பிள்ளை பேசுகிறதோ அந்த மொழியில் சோதிக்க ஆள் வேண்டும். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணி பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும், தூத்தூர், இனயம் கடற்கரைப் பிள்ளைகளுக்கும் இதேதான். அவர்கள் பேச்சு பாடநூல் தமிழ் இல்லை என்பதாலேயே மந்தம் என்று எழுதிவிடுவது நடக்கிறது.

ஆட்களைப் பற்றி. மாவட்டத்தில் 9 வட்டாரங்கள். ஒவ்வொன்றிலும் வட்டார வள மையம், அதில் சிறப்புப் பயிற்றுநர்கள். என் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அப்படி ஒருவர்தான், தன் சொந்தக் காசில் ரவை வாங்கித் தட்டில் பரப்பி எழுத வைத்தார். ஆனால் அவர் கையில் எல்லா வகைக் குறைபாடும் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டியவர்களும் உண்டு. வகுப்பில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை அவர் வரிசையில் கடைசியாகத்தான் வரும். எனவே அந்த அரை மணி நேரத்தை வகுப்பாசிரியர்தான் எடுத்தாக வேண்டும், சிறப்புப் பயிற்றுநர் அவருக்கு வழி காட்டினால் போதும். அதற்குப் பதிவேடு ஒன்றையாவது குறைத்துக் கொடுங்கள். இது என் கோரிக்கை மட்டுமில்லை, எந்த ஆசிரியரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்று பிள்ளைகளின் உடல்நலத்தைப் பார்க்கும் ஒரு திட்டம் 2013 முதல் இயங்குகிறது. அதன் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கும், இருமுறை அங்கன்வாடிக்கும் வருகிறது. அவர்கள் பார்க்க வேண்டிய 30 நிலைகளில் கற்றல் குறைபாடும் உண்டு. பல்லையும் கண்ணையும் இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம், இதைப் பார்க்க முடியாது. ஆசிரியர் முன்கூட்டியே அந்த அரும்புப் பெயர்களை எழுதிக் கையில் கொடுத்தால் அவர்களுக்கும் வேலை எளிது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாதம் ஒரு நாள் இந்தச் சோதனைக்கென்று நிச்சயமாக இருக்கட்டும். மேற்குப் பக்கத்தவருக்குக் குழித்துறையில் ஒரு நாள். ஏற்கெனவே அப்படி ஒரு நாள் இருந்தால் தேதியைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். அன்றாடம் ரப்பர் பால் வெட்டப் போகிறவரும் வலை இழுக்கப் போகிறவரும் மூன்று நாள் கூலியை விட்டு அலைய மாட்டார்கள்.

தனியார் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அவசியம். நம் மாவட்டத்தில் எவ்வளவு பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள் என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை உங்களுக்கு. என் மகன் முதலில் படித்ததும் அப்படி ஒன்றில்தான். "வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். பத்தாம் வகுப்பு நூறு சதவீதம் காட்டுவதற்காக ஐந்தாம் வகுப்பிலேயே களை எடுக்கும் வழக்கத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 16ஆம் பிரிவு தங்களுக்கும் உண்டு என்பதை அவர்கள் உங்கள் கையெழுத்தோடு ஒருமுறை வாசிக்கட்டும்.

என் மகன் இப்போது வாசிக்கிறான். மெதுவாக. பேருந்துப் பலகை, கடைப் பெயர், அப்பாவுக்குச் சின்னச் சின்ன மெசேஜ். அவருக்கும் அது போதும், இரண்டு பேரும் சமவேகம். ஆனால் யாராவது வீட்டுக்கு வந்து செய்தித்தாளை நீட்டினால் இன்னும் தண்ணீர் கொண்டுவர எழுந்து போய்விடுகிறான். இந்த மடலை எழுதப்போவதாகச் சொன்னபோது அவன் வைத்த நிபந்தனை, தன் பெயர் இருக்கக் கூடாது என்பது. அதனால் என் பெயரும் இல்லை.

அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன் ஏதாவது ஒரு வட்டாரத்தில், தக்கலையிலோ மேல்புறத்திலோ, அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெற்றோரிடம் பேச ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தானே, அவர்களிடம் "உங்க வீட்டுல வேற யாருக்காவது வாசிக்கக் கஷ்டமா இருந்துதா" என்று கேட்க நான் நன்றாகவே பழகிவிட்டேன். சனிக்கிழமை எனக்கு அரை நாள் விடுப்பு.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்,
தக்கலை.